பொம்மையிடம் குலம் கேட்பவர்களுக்கு

பாலிமர் களிமண்ணில் யானை, முயல், நாரை என்று சிறு உருவங்கள் செய்பவர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு இப்போது எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது: "இது பிளாஸ்டிக். இதைப் போய்க் கைவினை என்று சொல்லலாமா?" கைவினை ஆர்வலர்கள் சொல்கிறார்கள், இயற்கை ஆர்வலர்கள் சொல்கிறார்கள், போன பொங்கலுக்குத்தான் முதல் மண்பானை வாங்கியவர்கள் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் மாமல்லபுரத்துக் கல், இன்னொரு பக்கம் ஊர் எல்லையில் நிற்கும் சுடுமண் குதிரை என்று இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தத் தீர்ப்புக்குக் கூடுதல் கனம் வேறு. இந்தத் தீர்ப்பு தவறு என்பதுதான் என் கட்சி.

எதிர்த்தரப்பை அரைகுறையாகச் சொல்லிவிட்டு வெல்வதில் பெருமை இல்லை. அதை முழுசாகவே வைக்கிறேன். பாலிமர் களிமண்ணில் மண் கிடையாது. பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு தூள், அதை இளக்கி வைக்கும் ஒரு திரவம், நிறமி, நிரப்பி, இவ்வளவுதான். வீட்டு ஓவனில் சுமார் 130 டிகிரி செல்சியஸில் வைத்தால் தூள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி இறுகுகிறது. சூளை வேண்டாம், சக்கரம் வேண்டாம், குரு வேண்டாம். 1960-களில் ஜெர்மனியின் ஃபிமோவும் அமெரிக்காவின் ஸ்கல்பியும் பரப்பிய சரக்கு. இதில் செய்த பொம்மை மக்காது. குயவரின் வாழ்க்கை ஏற்கெனவே நொடித்துக் கிடக்கும்போது, கடையில் வண்ணப் பொட்டலம் வாங்கி வீடியோவைப் பார்த்து உருட்டுவதற்குக் கைவினை என்ற மரியாதையைக் கொடுத்தால், உண்மையான கைவினைக்கு என்ன மிச்சம்? இதுதான் அவர்கள் வாதம். இதில் சொல்லப்பட்ட தகவல்கள் ஏறக்குறைய எல்லாம் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுகள்தான் ஒன்றுகூட நிற்கவில்லை.

1. "மண் இல்லை, ஆகவே கைவினை இல்லை."

எந்த ஊர்க் கணக்கு இது? சுவாமிமலையில் ஒரு நடராசர் உருவாகும்போது ஸ்தபதியின் விரல் முதலில் தொடுவது உலோகத்தை அல்ல. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுகில்தான் முகமும் கையும் விரல் நகமும் பிறக்கின்றன. உலோகம் பிறகு அச்சுக்குள் ஊற்றப்படுகிறது. நாம் கும்பிடும் செப்புத்திருமேனியின் உருவம், கையின் சூட்டில் இளகி நினைத்தபடி வளையும் ஒரு பிசின் கலவையில் முதலில் செய்யப்பட்டது. கோபுரத்தின் யாளியும் காளையும் சுண்ணாம்புச் சுதையில் இருந்தன. இன்று பல ஊர்களில் சிமெண்டில் செய்து எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள். கும்பாபிஷேகத்தன்று எவரும் அண்ணாந்து பார்த்து "இது சிமெண்டுதானே" என்று முகம் சுளிப்பதில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை காகிதக்கூழிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் ஆடுகிறது. மரப்பாச்சி செம்மரம்.

கொலுப்படிக்கு வருவோம். மண் பொம்மை என்று நாம் வாங்கி வைக்கும் பலவற்றின் மேல் பளபளப்பது எமல்ஷன் பெயிண்ட். அக்ரிலிக் எமல்ஷன் காய்ந்தால் மிஞ்சுவது மெல்லிய பிளாஸ்டிக் படலம். மேலே பூசினால் மரபு, உள்ளே இருந்தால் மோசடி என்று எந்தச் சிற்ப நூல் சொல்கிறது? தமிழ்நாட்டுக் கைவினை எந்தக் காலத்திலும் ஒற்றைப் பொருளுக்குத் தாலி கட்டிக்கொண்டதில்லை. கைக்குக் கிடைத்ததில், காசுக்கு ஆனதில், வேலைக்கு ஒத்துவந்ததில் செய்தார்கள். பொருளின் தூய்மை என்பது செய்தவர்கள் வைத்த விதி அல்ல. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவர்கள் வைத்தது.

2. "திறமை தேவையில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம்."

செய்து பார்த்தவர் இப்படிச் சொல்லமாட்டார். படாளம் கூட்டுரோட்டில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பினால் சற்று நேரத்தில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையைச் சுண்டுவிரல் உயரத்தில் செய்ய வேண்டும் என்று வையுங்கள். அதன் அலகின் இரண்டு பாதியும் நுனியில் சேர்ந்து நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அது நத்தைகுத்தியே இல்லை. இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது என்பது அடுத்த சிக்கல். குஞ்சைச் செய்கிறோமா, தாயைச் செய்கிறோமா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். உடம்புக்கு அலுமினியத் தாளைக் கசக்கி இறுக்கிய உருண்டை, காலுக்கு மெல்லிய கம்பி. அதன்மேல் சாம்பல் தோய்ந்த வெள்ளை, இறக்கை ஓரத்திலும் வாலிலும் கறுப்பு. கறுப்பைத் தொட்ட விரலால் வெள்ளையைத் தொட்டால் போச்சு, கறை போகாது. வெள்ளைக் களிமண் காற்றில் பறக்கும் தூசியையும் துணி நூலையும் காந்தம்போல் இழுத்துக்கொள்ளும். மே மாதச் செங்கல்பட்டு வெயிலில் அது கையிலேயே குழைந்து, ஒவ்வொரு இறகுக் கோட்டின் மேலும் கைரேகை பதியும். குளிர்ப்பெட்டியில் சற்று வைத்து எடுத்துத் தொடர வேண்டும்.

ஓவன் இன்னொரு பரீட்சை. குமிழில் 130 என்று திருப்பினால் உள்ளே 130 இருக்கும் என்று நம்பினால் கெட்டது. தனியாக ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சூடு குறைந்தால் அலகு ஒரு வாரத்தில் ஒடியும். கூடினால் மெல்லிய அலகும் காலும்தான் முதலில் பழுக்கும், வெள்ளை பழுப்பாகும். இன்னும் கூடினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், வீட்டில் நிற்க முடியாது. இத்தனையையும் தாண்டி அந்தப் பறவை ஒற்றைக்காலில் சாயாமல் நிற்க வேண்டும்.

"வீடியோவைப் பார்த்துப் பாண்டாவும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் செய்கிறார்களே" என்பது நியாயமான குறை. ஆனால் அந்தக் குறை பார்வையினுடையது, பொருளுடையது அல்ல. மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைப் பாருங்கள். ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் பாருங்கள். அருகிலேயே தனிக்கல்லில் பேன் பார்க்கும் குரங்குக் குடும்பம். கிருஷ்ண மண்டபத்தில் கறக்கும்போது கன்றை நக்கும் பசு. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி இவற்றைச் செய்தது கருங்கல் கடினமானது என்பதால் அல்ல. மான் எப்படிச் சொறியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதால். கருங்கல் குன்று தமிழ்நாட்டில் நூறு ஊரில் உண்டு, அந்த மான் ஒரே ஊரில்தான் உண்டு. கல்லின் பெருமையைச் சொல்லிப் பிளாஸ்டிக்கை இறக்குபவர், கல்லில் எது பெருமை என்பதையே தவறவிடுகிறார்.

3. "மக்காது; சுற்றுச்சூழலுக்குக் கேடு."

இதுதான் அவர்களின் வலுவான வாதம், ஆகவே பின்வாங்காமல் பார்ப்போம். மக்காது என்பது உண்மை. உடைந்து மண்ணில் விழுந்தால் நுண்பிளாஸ்டிக் ஆகும் என்பதும் உண்மை. ஆனால் இதன் எதிரே வைக்கப்படும் "சுடுமண் மண்ணுக்கே திரும்பும்" என்ற வாக்கியம் உண்மை அல்ல. சுட்ட மண் மறுபடி களிமண் ஆவதில்லை. ஆகியிருந்தால் கீழடியில் ஓடு கிடைத்திருக்காது. ஓடு நிலத்தைக் கெடுக்காது, பிவிசி கெடுக்கும் என்று வாதிடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சூளைக்கு விறகும் வறட்டியும் எரிகின்றன, புகை எழுகிறது என்பதையும் அதே தராசில் வையுங்கள்.

அடுத்து அளவு. மேலே சொன்ன நாரைக்கு, உள்ளே அலுமினியத் தாள் இருப்பதால், 30 கிராம் பாலிமர் களிமண் தாராளம். அந்த ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் காதணி விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனரும் பிவிசி பூசிய துணிதான். 10 அடிக்கு 8 அடி பேனர் ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று வைத்தால் 2 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு பேனரின் எடையில் எழுபதுக்கும் மேற்பட்ட நாரைகள். பேனர் மூன்றாம் நாள் கிழிந்து வாய்க்காலில் கிடக்கும். நாரை அலமாரியில் பத்து வருடம் நிற்கும். பேனரில் சிரிக்கும் மாமாவிடம் யாரும் "இது மக்குமா" என்று கேட்பதில்லை. கேள்வி எப்போதும் கைவினைச் சந்தையில் மேசை போட்டு நாரை விற்கும் பெண்ணிடம்தான் போகிறது.

அதற்காக அந்த 30 கிராம் புண்ணியம் ஆகிவிடாது. ஆனால் சட்டங்கூட இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள். நீரில் கரைக்கும் சிலைகளுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் கூடாது என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் சொன்னது, அவை ஏரியிலும் கடலிலும் போய்ச் சேரும் என்பதால். எறிவது, கரைப்பது இரண்டும்தான் குற்றம். வைத்துக்கொள்வதற்கென்றே செய்யப்படும் பொருளை அந்தக் கூண்டில் நிறுத்துவது வசதியான கோபம்.

வேடந்தாங்கல்காரர்களுக்கு யாரிடம் கோபப்பட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். துப்பாக்கிதான் எதிரி, துப்பாக்கியைத்தான் நிறுத்தினார்கள். 2020-ல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோதும் எதிர்ப்பு சரியான இடத்தில் எழுந்தது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரிக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் போட்டால், அதில் அலமாரி நாரைக்கு எத்தனையாவது இடம் கொடுப்பீர்கள்?

4. "குயவரின் வயிற்றில் அடிக்கிறது."

யாருடைய சந்தையை யார் பறித்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்போம். குயவரின் சோற்றுப்பானையை எடுத்துக்கொண்டது அலுமினியம். தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டது பிளாஸ்டிக் குடம். கொலு பொம்மையை அச்சில் வார்த்த பிளாஸ்டர் பொம்மை அமுக்கியது. குழந்தையின் கைப்பொம்மையை ஆலையில் மணிக்கு நூற்றுக்கணக்கில் துப்பும் அச்சு யந்திரம் கொண்டுபோயிற்று. ஏரியில் களிமண் எடுக்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே தரலாம் என்று எளிமையாக்கியதே 2024-ல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை காயாது, சூளை எரியாது. மழைக்கால நிவாரணம் என்று அரசு ஒரு தொகை கொடுப்பதே அதனால்தான். இந்த நீண்ட வழக்கில் இரண்டு அங்குலப் பாலிமர் முயலை முதல் எதிரியாக நிறுத்துவது, உண்மையான எதிரிகளை வாசல் வழியே அனுப்பிவைப்பதற்குச் சமம்.

இரண்டும் ஒரே வாடிக்கையாளரைக் கேட்பதும் இல்லை. அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர் சுடுமண் குதிரையைத்தான் தூக்கிப்போவார். பாலிமர் குதிரையை வைத்து நேர்த்திக்கடன் தீர்த்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. சாவிக்கொத்தில் தொங்கும் பாம்புத்தாராவை வாங்குபவர், அது இல்லாவிட்டால் மண் யானை வாங்கப் போவதில்லை; ஆலையில் வார்த்த கரடியை வாங்குவார். அதனால் பாலிமர்க்காரரை விரட்டினால் குயவருக்கு ஒரு ரூபாய் கூடாது. ஆலைக்குத்தான் கூடும்.

பொருளிலும் இரண்டுக்கும் வேலைப் பங்கீடு இருக்கிறது. ஈரக் களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். உள்ளே கம்பி வைத்தால் கம்பி சுருங்காது, மண் வெடிக்கும். அதனால்தான் சுடுமண் விலங்குக்குக் கால் தூண்போல் தடித்திருக்கிறது. அது அதன் அழகும்கூட. பாலிமர் பெரும்பாலும் சுருங்காது, கம்பிமேல் நிற்கும். நாரையின் கால் அதில்தான் வரும். அதே பாலிமரில் ஐந்தடிக் குதிரை செய்யப் போனால் காசும் கரியாகும், குதிரையும் நிற்காது.

5. "மரபு இல்லாத வேலை, பொழுதுபோக்கு."

இங்கேதான் வாதத்தின் அடிமடியில் இருப்பது வெளியே வருகிறது. மரபு என்று நாம் செல்லமாகச் சொல்வதன் பழைய பொருள், இன்ன வீட்டில் பிறந்தவர் இன்ன வேலை செய்வார் என்பது. 2023-ல் தொடங்கிய ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உண்டு. அவற்றில் பொம்மை செய்வோரும் உண்டு, 'பாரம்பரிய' என்ற அடைமொழியோடு. விண்ணப்பிப்பவரின் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித்தான் தமிழ்நாடு அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்க மறுத்தது. பிறகு சாதி பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. குலத்தொழில் வேண்டாம் என்று மேடையில் கை தட்டிவிட்டு, சந்தையில் ஒரு பொம்மையைப் பார்த்ததும் "இதுக்குப் பரம்பரை உண்டா" என்று கேட்டால், நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

மாமல்லபுரமே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1957-ல் அங்கே அரசு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியபோது, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த உளி வகுப்பறைக்கு வந்தது. வெளியார் கற்றுக்கொண்டதால் அந்தக் கலை நீர்த்துப்போய்விடவில்லை; மாமல்லபுரக் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பொழுதுபோக்கு என்ற சொல்லையும் சும்மா விடக்கூடாது. சக்கரத்தில் ஏற்றிய மண் காத்திருக்காது. பிசைந்த மண் காய்ந்துவிடும். முழு நாளும் முற்றமும் சூளைக்கு இடமும் இருப்பவருக்கு அது சரி. படாளம் மாதிரி ஊரில் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீட்டில், சர்க்கரை ஆலை ஷிஃப்டுக்குப் போகும் கணவனுக்குச் சாப்பாடு கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் பெண்ணுக்கு அது நடக்காது. பாலிமர் களிமண் ஓவனுக்குப் போகும்வரை இறுகாது. வெயில் படாமல் டப்பாவில் மூடி வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். இன்று காலை அரைமணி நேரம் உடம்பு, நாளை இரவு இறக்கை, ஞாயிற்றுக்கிழமை அலகு. துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தை ஒரு பொருளாக மாற்ற இந்தச் சரக்கு இடம் கொடுக்கிறது. அப்படிக் கிடைக்கும் நேரத்தில் செய்ததால் அது பொழுதுபோக்கு என்றால், நம் வீடுகளில் பெண்கள் செய்த பின்னலும் கோலமும் முறத்துக்குப் போட்ட சாணி மெழுகும் எல்லாமே பொழுதுபோக்குதான்.

அந்தச் சொல்லுக்கு விலை உண்டு. 57 கிராம் இறக்குமதிப் பொட்டலம் சில நூறு ரூபாய். மின்சாரம், கம்பி, வீணாய்ப்போனவை எல்லாம் கூட்டி, செய்த நேரத்துக்குக் கூலியும் போட்டால் ஒரு நாரையின் விலை வாங்குபவருக்குத் தூக்கிவாரிப் போடும். பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தவுடன் கூலி கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. "சும்மா இருக்கிற நேரத்துல செஞ்சதுதானே, அம்பது ரூபாய்க்குக் குடும்மா." கைவினை அல்ல என்ற தீர்ப்பு பேரம் பேசும் ஆயுதமாகக் கடையில் வேலை செய்கிறது. தத்துவமாகத் தொடங்கியது இப்படித்தான் முடிகிறது.

இவ்வளவு சொன்னதால் பாலிமர்க்காரர்களை வெள்ளையடிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். "இயற்கைக் களிமண்", "சூழலுக்கு உகந்தது" என்று அட்டையில் எழுதி விற்பது பொய். அதை நிறுத்த வேண்டும். இளக்கியாகச் சேர்க்கப்பட்ட சில தாலேட் வகைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே குழந்தைகளின் பொம்மைகளில் கட்டுப்படுத்தியது. பெயர் தெரிந்த நிறுவனங்கள் அவற்றை விட்டுவிட்டன. பெயரே இல்லாத மலிவுப் பொட்டலத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை, அதை வாங்காதீர்கள். கேக் வேகும் ஓவனில் இதைச் சுடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு இதை விளையாட்டுப் பொருளாக விற்காதீர்கள். மிச்சத் துணுக்குகளை அடுத்த பொம்மையின் உட்பகுதிக்குப் பயன்படுத்துங்கள், குப்பையில் போடாதீர்கள். பாண்டாவை விட்டுவிட்டுக் கூழைக்கடாவைப் போய்ப் பாருங்கள். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் முதலை எப்படி வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கிறது என்று பாருங்கள். இவை பொருளைத் தெரிந்துகொண்டு பேசும் குறைகள். இப்படிக் குறை சொல்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை.

ஆகவே கைவினைச் சந்தையும் பள்ளிக் கண்காட்சியும் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "மண், மரம், கல், உலோகம் மட்டும்" என்று விதி எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அச்சில் வார்த்து வந்த கல்தூள் யானை உள்ளே வந்துவிடும். ஒருத்தி கையால் அலகு வைத்த நாரை வெளியே நிற்கும். மூன்றே கேள்வி வையுங்கள்: கையால் செய்ததா, அச்சில் வார்த்ததா? எந்தப் பொருள் என்று அட்டையில் மறைக்காமல் எழுதியிருக்கிறதா? செய்தவருக்குக் கூலி நிற்கும் விலையா? மூன்றுக்கும் சரியான பதில் சொல்பவருக்கு மேசை கொடுங்கள், பொருள் எதுவாக இருந்தாலும்.